ஒரத்துப்பாளையம்: பாசன அணை சாயக்கழிவுத் தேக்கமானது எப்படி

இந்தப் பதிவு திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்ததைப் பற்றியது. அந்த நீரைத் தேக்கிய ஒரத்துப்பாளையம் அணைக்கும், அதைச் சுற்றியிருந்த கிணறுகளுக்கும் வயல்களுக்கும் என்ன ஆனது என்பதை 1980களிலிருந்து வரிசையாகச் சொல்கிறது. விவசாயிகள், பட்டறைக்காரர்கள், அதிகாரிகள் என யாருடைய பெயரும் இதில் இல்லை. எந்தக் கட்டத்தில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அதை வைத்து என்ன முடிவெடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் நிறத்தைப் போக்குவதிலேயே பத்து வருடத்துக்கும் மேல் போனது. நிலத்தைக் கெடுத்துக்கொண்டிருந்ததோ உப்பு. அந்த உப்பு பட்டறைக்குள் மூட்டை மூட்டையாகப் போனது எல்லோருக்கும் தெரியும்.

ஆறும் ஊரும்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேர்கிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு இல்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வரும், மற்ற மாதங்களில் மணல் தெரியும். குளங்களும் அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் அந்தச் சில வார வெள்ளத்தைப் பிடித்து வைக்கவே அமைந்தவை. நடந்தது புரிய வேண்டுமானால் ஆற்றின் இந்த இயல்பை முதலில் மனதில் வைக்க வேண்டும். மழையில்லாத காலத்தில் ஊர் எதை விடுகிறதோ அதுதான் ஆற்றில் ஓடும். கலந்து நீர்த்துப்போக நல்ல தண்ணீர் இருக்காது.

திருப்பூர் முதலில் வெள்ளை பனியன் ஊர். துணியை வெளுக்கச் சலவைப்பட்டறைகள் இருந்தன. ஏற்றுமதி பெருகி, கலர் துணிக்கு ஆர்டர் வர ஆரம்பித்ததும் சாயப்பட்டறைகள் முளைத்தன. 1980களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த சாய, சலவைப்பட்டறைகள் 1990களின் இறுதியில் எழுநூறைத் தாண்டின. பெரும்பாலானவை நொய்யலை ஒட்டியோ, அதில் சேரும் ஓடைகளை ஒட்டியோ இருந்தன. ஊரில் நிலத்தடி நீர் கெட்டுப்போனதால், பட்டறைக்குத் தேவையான நல்ல தண்ணீர் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் வந்தது. பட்டறைகளுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது 2000களின் நடுவில்தான்.

பட்டறைக்குள் நடப்பது

பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாகத் துணியில் ஏறாது. தண்ணீரில் பருத்தி இழையின் மேற்பரப்பும் எதிர்மின்சுமை கொண்டது, சாயமும் அப்படித்தான். ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைக்கச் சாதா உப்பையோ கிளாபர் உப்பையோ (சோடியம் சல்பேட்) கொட்ட வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் குளியல் (துணியை முக்கும் சாயத் தண்ணீர்) என்று வைத்தால், ஒரு கிலோ துணிக்குச் சுமார் அரை கிலோ உப்பு. பிறகு சோடா போட்டுச் சாயத்தைப் பிடிக்க வைத்து, சோப்பு போட்டு, திரும்பத் திரும்ப அலசுவார்கள்.

துணி சாயத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. உப்பை எடுத்துக்கொள்வதே இல்லை. காலையில் கொட்டிய உப்பு முழுவதும் மாலைக்குள் வடிகாலுக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், பட்டறையின் உப்புக் கொள்முதல் பில்லைப் பார்த்தாலே போதும்.

நதியில் விடும் கழிவில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. சாயப்பட்டறைக் கலவைக் கழிவில் அது சாதாரணமாக 6,000க்கும் மேல் இருந்தது.

அணை வருகிறது, 1992

ஒரத்துப்பாளையம் அணை திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம், நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 10,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். அதில் பெரும்பகுதி இன்றைய கரூர் மாவட்டத்தில் இருக்கிறது. மழையை நம்பிச் சோளமும் கம்பும் போட்ட பூமிக்கு வாய்க்கால் தண்ணீர் வருகிறது என்றால் அங்கே அது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு என்று சொல்லத் தேவையில்லை.

அணையின் கணக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கணக்கு. என்ன தண்ணீர் வரும் என்று பார்க்கப்படவில்லை. மேலே சாயப்பட்டறைகள் பெருகிய அதே வருடங்களில்தான் கீழே அணை எழும்பியது. ஒரு துறை தொழிலுக்கு அனுமதி கொடுத்தது, இன்னொரு துறை மதகு கட்டியது. இரண்டு கோப்பும் ஒரே மேஜையில் சந்திக்கவில்லை என்பது விளைவிலிருந்து தெரிகிறது.

அணை இல்லாத காலத்தில் கழிவு ஓடிக்கொண்டே இருந்தது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால் ஆற்றுப்படுகையை ஓரளவு கழுவிக் காவிரிக்குத் தள்ளிவிடும். அதுவும் நல்லதில்லைதான், ஆனால் உப்பு ஓரிடத்தில் தங்கவில்லை. அணை வந்தபின் அது தங்கியது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மாதக்கணக்கில் தேங்கிய நீர் மேலும் மேலும் உப்பேறியது. அடியில் சாயக் கசடு படிந்தது. நீர் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றிலும் உள்ள கிணறுகளுக்குப் போனது.

வயலில் பார்த்தது

சில வருடங்களிலேயே விவசாயிகள் தலைகீழான ஒரு கோரிக்கை வைக்கும் நிலை வந்தது. அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்றார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையின் ஆயக்கட்டுக்காரர்களே, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலக்காரர்களே, மதகைத் திறக்காதே என்று சொன்னதை, என் பார்வையில், இந்த நிகழ்வின் மிகப் பெரிய எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும். அது வெறும் மனுவாகப் பதிவானது.

அவர்கள் கண்டது என்ன? பாய்ச்சிய வயல் காய்ந்ததும் வரப்போரத்திலும் பாத்தி முகட்டிலும் வெள்ளையாக உப்புப் பூத்தது. தொட்டால் விரலில் மாவு போல ஒட்டும். விதைத்த நிலத்தில் முளைப்பு திட்டுத்திட்டாக வந்தது. வந்த பயிருக்கு இலை நுனி கருகியது. மழை பெய்தால் மண் மேலே பசை போல மூடிக்கொண்டது, காய்ந்தால் ஓடு போல இறுகியது. இதற்குக் காரணம் சோடியம். களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியத்தை அது இடம்பெயர்க்கிறது. துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. அப்புறம் நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. உப்பைக் கழுவ வேண்டிய மழையையே மண் ஏற்க மறுக்கும் நிலை இது. அதனால்தான் கழிவு வருவது நின்றதும் நிலம் தானாகச் சரியாகிவிடவில்லை.

மஞ்சள், வாழை, நெல் போன்ற பயிர்கள் முதலில் போயின. தென்னை உடனே சாகவில்லை. காய் சிறுத்தது, குரும்பை உதிர்ந்தது. வாய்க்கால் தண்ணீரே வாங்காத தோட்டங்களிலும் கிணறு உப்பானது. இதில் சிக்கியவர்களுக்கு வேறு வழியில்லை. மதகை மூடச் சொல்லலாம், கிணற்று ஊற்றை மூட முடியாது. குடிக்க வெளியூர்த் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. மாட்டுக்கு எந்தத் தண்ணீர் காட்டுவது என்பதே தினசரிப் பிரச்சினை ஆனது. காங்கயம் மாடு வளர்க்கும் பகுதி இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் முடிவு: நிறத்தை எடுப்பது

1990களில் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். அழுத்தம் ஏறியதும் பட்டறைகள் சுத்திகரிப்பு நிலையம் கட்டின. சிறியவை சேர்ந்து எட்டு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன, மற்றவை தனித்தனியாக வைத்துக்கொண்டன. எந்த ஏற்பாடும் செய்யாத நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டன.

இந்த நிலையங்களில் சுண்ணாம்பு, இரும்பு சல்பேட், பாலிமர் போட்டுக் கலக்கி, கசடைப் படிய வைத்து, மேல் நீரை வடித்தார்கள். கலங்கல் போகும், நிறம் பெருமளவு போகும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். போட்ட ரசாயனத்தால் சில நேரம் கொஞ்சம் கூடவும் செய்யும். வெளியே வருவது தெளிந்த உப்புத் தண்ணீர்.

ஏன் இந்த வழியைத் தேர்ந்தார்கள்? காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியே வடிகட்டும் முறை) வேண்டும், அதற்குச் செலவு பல மடங்கு. பல பட்டறைகள் சிறியவை, கூலிக்குச் சாயம் போடுபவை. பனியன் கம்பெனிகள் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அழுத்திப் பேசி வேலை கொடுக்கும். அந்தக் கம்பெனியை வெளிநாட்டு வாங்குபவர் அழுத்துவார். தண்ணீர்ச் செலவை யார் தலையில் போடுவது என்பதற்கு விடை இல்லாதபோது அது ஆற்றின் தலையில் போனது. நான் ஏற்க முடியாதது அடுத்த படி. இந்த நிலையங்களால் டி.டி.எஸ். வரம்பை எட்டவே முடியாது என்பது தொழில்நுட்பம் தெரிந்த எல்லோருக்கும் கட்டும்போதே தெரியும். தெரிந்தும் ‘சுத்திகரிப்பு நடக்கிறது’ என்று கணக்கில் எழுதப்பட்டது. அந்த வருடங்களில் கிணறுகளுக்குள் போன உப்பை இன்றைக்கு யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை.

வழக்கும் இழப்பீடும்

வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கொள்கையை உறுதி செய்திருந்தது. அந்தத் தீர்ப்பின் வழியாகத் தமிழ்நாட்டில் சூழல் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. நொய்யல் பகுதியை ஆராய்ந்த அந்த ஆணையம், 68 கிராமங்களில் 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டதாகக் கண்டு, 2002 ஆகஸ்ட் முதல் 2004 டிசம்பர் வரையிலான காலத்துக்குச் சுமார் 24.79 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

தொகை பெரிதாகத் தெரியும். ஆளுக்கு வகுத்தால் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை, அதுவும் இரண்டு வருடத்துக்கும் மேலான விளைச்சல் இழப்புக்கு. கணக்கிட்ட காலத்துக்கு முன்னால் போன பயிருக்கும் கெட்ட கிணற்றுக்கும் இதில் இடமில்லை. ஆனாலும் இந்த வேலைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. எந்தக் கிராமம், எத்தனை பேர் என்று முதல்முறை எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகு பாதிப்பே இல்லை என்று யாராலும் வாதாட முடியவில்லை.

2003இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜூலை இறுதிக்குள் பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும். அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி, மாதம் போகப்போக 8, 10 என ஏறும் தண்டத்தொகை. அணையைச் சுத்தம் செய்யும் செலவும் பட்டறைகளுடையது. உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னது.

லிட்டருக்கு இத்தனை பைசா என்ற கணக்கு எனக்குச் சரியான முடிவாகப் படுகிறது. அதுவரை கழிவு விடுவது இலவசம். முதல்முறையாக அதற்கு ஒரு விலை வந்தது, அந்த விலை ஏறவும் செய்தது.

ஆர்.ஓ. வந்தும் முடியாதது ஏன்

தீர்ப்புக்குப் பிறகு பட்டறைகள் நிஜமாகவே பணம் போட்டன. வங்கிக் கடன் வாங்கிப் புதிய பொது நிலையங்கள் எழுந்தன. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு, நிறநீக்கம், நுண்வடிகட்டல், பிறகு ஆர்.ஓ. என்ற வரிசை. ஆர்.ஓ.வில் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்ப வந்து மீண்டும் சாயத்துக்கே போகும். மிச்சம் ‘ரிஜெக்ட்’. அளவில் கொஞ்சம், ஆனால் உள்ளே வந்த ஏறக்குறைய மொத்த உப்பும் அதில்தான்.

திட்டம் அந்த ரிஜெக்டில் இடறியது. அதை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பாக எடுக்க வேண்டும். நீராவிக்கு விறகும் மின்சாரமும் ஏராளமாகப் போகும். ஆவியாக்கியின் திறன் வருகிற ரிஜெக்டுக்கு ஈடாக இல்லாத இடங்களில் தொட்டிகள் நிரம்பின. தொட்டி நிரம்பினால் பட்டறையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் திறந்துவிட வேண்டும். ஆர்டர் தேதி நெருங்கும்போது எது நடக்கும் என்று ஊகிக்கலாம். கடல் வரை குழாய் போட்டுக் கொண்டுபோய் விடலாம் என்ற யோசனையும் வெகுகாலம் பேசப்பட்டது. அந்தப் பேச்சு நடந்தவரை சிலர் ஆவியாக்கியில் முழு மனதோடு முதலீடு செய்யவில்லை.

2011 ஜனவரி 28

உத்தரவு நிறைவேறவில்லை என்று விவசாயிகள் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் எல்லாச் சாய, சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒழுங்காக நடத்தியவர், நடத்தாதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் நின்றார்கள்.

சாயம் நின்றால் பனியன் தொழிலின் நடுவிலேயே சங்கிலி அறும். துணியை வெளிமாநிலங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். செலவும் நாளும் கூடின. பட்டறைத் தொழிலாளர்களில் பலர் சொந்த ஊருக்குப் போனார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து, வாரக் கூலியில் வாழ்ந்தவர்களுக்கு எந்த இழப்பீட்டு ஆணையமும் இல்லை. இந்த நிகழ்வில் யாரும் கணக்கெடுக்காத பாதிப்பு இது. கூடவே இன்னொன்றும் நடந்தது. பக்கத்து மாவட்டங்களில் தோட்டத்து ஷெட்டுகளில் திருட்டுத்தனமாகச் சாயம் போடப்பட்டது. கழிவு வேறொருவர் கிணற்றுக்கு இடம் மாறியது.

இந்த முடிவு சரியா? கொடுமையானது, ஆனால் அதற்கு முந்தைய பதினைந்து வருடத்தில் வேறெந்த நடவடிக்கையும் கழிவை நிறுத்தவில்லை. மின்சாரம் போன பிறகுதான் ஆவியாக்கிப் பிரச்சினையில் அரசு, தொழில், வல்லுநர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

திரும்பத் திறந்தது

2011இல் மாநில அரசு பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. தொழில்நுட்பத்தில் முக்கியமான மாற்றம் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வந்தது. ரிஜெக்ட் முழுவதையும் காய்ச்சி உப்பாக்குவதற்குப் பதில், அதிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உப்புக் கரைசலாகவே சாயக் குளியலுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். சாயத்துக்குத் தேவை தண்ணீரில் கரைந்த உப்பு. கரைந்த உப்பைக் காய்ச்சி எடுத்து, மூட்டை கட்டி, திரும்பத் தண்ணீரில் கரைப்பது வீண் வேலைதானே. இதனால் ஆவியாக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறைந்தது. புது உப்பு வாங்குவதும் குறைந்தது. இந்த வழியில் நிலையங்கள் சோதனை ஓட்டம் காட்டி, ஒவ்வொன்றாக அனுமதி வாங்கித் திறந்தன. இன்று 18 பொது நிலையங்கள் இயங்குகின்றன.

மிச்சம் இருப்பது

ஒரத்துப்பாளையம் அணையில் நீதிமன்ற உத்தரவின்படி தண்ணீர் தேக்குவதில்லை. மழை வெள்ளம் வந்தால் வந்தபடி கீழே போகிறது. கட்டிய நோக்கத்துக்கு அணை இன்று பயன்படவில்லை. ஆற்றில் இப்போது வருவதில் ஊர்ச் சாக்கடையின் பங்கு பெரிது. மழை நாளில் யாரோ ரகசியமாகத் திறந்துவிடும் சாயநீரும் அவ்வப்போது பிடிபடுகிறது. ஆற்றோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு குறையவில்லை. பாறைப் பிளவுகளில் தங்கிய பழைய நீர் அது, மேலிருந்து நல்ல நீர் இறங்கினால்தான் நகரும்.

இன்னொரு பாக்கி, கலப்பு உப்பு. திரும்பப் பயன்படுத்த முடியாமல் நிலையங்களில் மூட்டைகளாகச் சேரும் கசடு உப்பு இது. கூரைக்கடியில் வைத்திருக்கும்வரை சரி. ஒரு கூரை ஒழுகினாலும் அது மறுபடி கழிவுநீர்தான்.

மாற்ற வேண்டியவை

அணையோ தடுப்பணையோ திட்டமிடும்போது, மேலே உள்ள ஊர்களின் கழிவுக் கணக்கையும் ஆற்றின் கோடைக்கால நீரின் உப்பளவையும் சேர்த்தே அனுமதி கொடுக்க வேண்டும். ஒரத்துப்பாளையத்தில் இந்த ஒரு சோதனை நடந்திருந்தால் அணையைத் தள்ளிப்போட்டிருக்கலாம், அல்லது பட்டறைகளை முன்பே கட்டுப்படுத்தியிருக்கலாம்.

சாயத்தொழிலில் கண்காணிப்பு உள்ளே வரும் உப்பிலிருந்து தொடங்க வேண்டும். வாங்கிய உப்பு, மீட்ட உப்பு, மூட்டையில் இருக்கும் உப்பு மூன்றும் கணக்கில் பொருந்தவில்லை என்றால், இடையில் உள்ளது ஆற்றில் இருக்கிறது. நள்ளிரவில் மாதிரி எடுக்க ஓடுவதைவிட இந்தக் கணக்கைச் சரிபார்ப்பது எளிது, ஏமாற்றுவதும் கடினம்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுமதி தரும்போது ரிஜெக்டுக்கும் மிச்ச உப்புக்கும் வழி காட்டாத திட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். மூட வேண்டி வந்தால் ஒழுங்காக நடத்தும் நிலையத்துக்கு விலக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்காக நடத்துவதில் யாருக்கும் லாபம் இல்லை. தொழிலாளிக்கு அந்த மாதங்களுக்கான கூலி உத்தரவிலேயே சேர வேண்டும்.

இழப்பீட்டில் ஒரு பகுதியாவது நிலத்தை மீட்கப் போயிருக்க வேண்டும். ஜிப்சம் இட்டுச் சோடியத்தை வெளியேற்றுவது, வடிகால் வெட்டுவது, மழைநீரைக் கிணற்றைச் சுற்றி இறக்குவது எல்லாம் தெரிந்த வேலைகளே. ஆனால் தனி விவசாயி ஒருவர் தன் இரண்டு ஏக்கரில் மட்டும் செய்து பலன் இல்லை. பக்கத்து நிலமும் சேர்ந்து செய்ய வேண்டும். 68 கிராமங்களின் பட்டியல் 2004 முதலே அரசிடம் இருக்கிறது. அந்தக் கிராமங்களில் கிணறு வாரியாக வருடத்துக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், உப்பளவை எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதை நாளைக்கே தொடங்கலாம். எந்தக் கிணறு தேறுகிறது, எது தேறவில்லை என்று தெரிந்தால்தான் மீட்புப் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்க முடியும்.